காவலூர் தொலைநோக்கியில் அந்தக் கொடி தெரியுமா?

வாணியம்பாடியில் இருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைப் பக்கம் போனால் காவலூர் வரும். சந்தன மரத்துக்குப் பேர் போன மலை (இப்போது மரத்தைவிடப் பேர்தான் அதிகம் மிச்சம்!). அங்கேதான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களையும் அனுமதிக்கும் வழக்கம் உண்டு என்பதால் மாணவர் கூட்டம் வரும். 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் பெரிய கூண்டை அண்ணாந்து பார்த்ததும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சார், இதுல பார்த்தா ஆம்ஸ்ட்ராங் நட்ட கொடி தெரியுமா?"

தெரியாது.

உடனே பின்வரிசையில் இருந்து அடுத்த கேள்வி வரும். "அப்போ போனதே பொய்யா சார்?"

சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது. இவ்வளவு பெரிய தொலைநோக்கியால் ஒரு கொடியைக் காட்ட முடியவில்லை என்றால் சந்தேகம் வருவது நியாயம்தானே? முதலில் கணக்கைப் பார்க்கலாம்.

நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கொடியின் அகலம் சுமார் ஒன்றரை மீட்டர். காற்றே இல்லாவிட்டால்கூட, காவலூரின் பெரிய தொலைநோக்கி நிலாவில் 100 மீட்டருக்குக் குறைந்த எதையும் தனியாகப் பிரித்துக் காட்டாது. ஒளியின் இயல்பு அப்படி, கண்ணாடி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மாறாது. காற்று வேறு ஒளியை நடுங்க வைப்பதால் நடைமுறையில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் அளவுள்ள பள்ளங்கள் தெரிந்தாலே பெரிய விஷயம். கொடி ஒரு புள்ளியாகவாவது தெரிய வேண்டுமானால் 170 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வேண்டும். சிலி நாட்டில் கட்டப்படும் மிகப் பெரிய தொலைநோக்கிக்கே 39 மீட்டர்தான்.

இன்னொரு வேடிக்கை, அப்போலோ 11 கொடி இப்போது நிற்கவும் இல்லை. கிளம்பும்போது எஞ்சின் புகை தள்ளி அது விழுந்ததைப் பார்த்ததாக ஆல்ட்ரின் சொல்லியிருக்கிறார்.

சரி, 1969-ல் தமிழ்நாடு எதைப் பார்த்து நம்பியது? ஈகிள் இறங்கியபோது இந்திய நேரம் ஜூலை 21 அதிகாலை 1.47. ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தது காலை 8.26. அமாவாசை கழிந்து ஆறு நாள் ஆன நிலா அது. ஜவ்வாது மலைக்கு அது நள்ளிரவுக்கு முன்பே மறைந்துவிட்டது, காலை எட்டரைக்கு மறுபடி உதிக்கவும் இல்லை. அதாவது மனிதன் நிலாவில் நடந்தபோது இங்கே வானத்தில் நிலாவே கிடையாது! டிவியும் கிடையாது, சென்னைக்கு டிவி வந்தது 1975-ல். ரேடியோவும் மறுநாள் பேப்பரும்தான். காவலூரில் அப்போது இருந்தது உள்நாட்டிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்று. அது வேலையை ஆரம்பித்தது 1968-ல். மூன்று பேர் முதன்முதலாக நிலாவைச் சுற்றி வந்த அப்போலோ 8-ம் அதே வருடம்தான்.

பிறகு ஐந்து முறை இறங்கினார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர். 1972 டிசம்பரில் செர்னன் கிளம்பியதோடு நிலா நடை நின்றுபோனது.

அதே 1972-ல் காவலூரில் ஒன்று நடந்தது. அதைப் பின்வரிசை நண்பருக்கு அவசியம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் இருந்து 102 சென்டிமீட்டர் ஸைஸ் தொலைநோக்கி வந்து சேர்ந்த வருடம் அது. ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. நட்சத்திரத்தின் ஒளி எப்படிக் குறைந்து எப்படித் திரும்பியது என்று அளந்தார்கள். காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் எடுத்த அளவுகளில் இருந்து கானிமீடுக்கு மெல்லிய காற்றுப் போர்வை இருக்கலாம் என்ற தடயம் கிடைத்தது. 1977 மார்ச் 10-ல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோதும் இதே கதை. ஒளி மறைவதற்கு முன்பே விட்டுவிட்டுக் கண் சிமிட்டியது. வளையங்கள்! கண்டுபிடிப்பின் பெருமை விமானத்தில் பறந்தபடி அளந்த அமெரிக்கக் குழுவுக்குப் போனாலும், காவலூரும் அந்த இரவு அதைப் பதிவு செய்தது. வளையத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

நிலாப் பயணத்துக்கும் இந்த மாதிரி சாட்சிகள்தான் பலமானவை. அப்போலோ 11, 14, 15 வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் அடித்து, நிலா வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுவதை அளக்கிறார்கள். ஆனால் நேர்மையாகச் சொன்னால் இது மனிதன் போனதற்கு முழு ஆதாரம் ஆகாது. கண்ணாடியை இயந்திரமும் வைக்கலாம், சோவியத்தின் லூனாகோட் வண்டிகள் கண்ணாடியோடு போனவைதான்.

கல்லுக்கு வாருங்கள். சோவியத்தின் ஆளில்லா லூனா கலங்கள் மூன்று முறை போய் மொத்தமாகக் கொண்டுவந்த மண் சுமார் 300 கிராம். அப்போலோ ஆட்கள் கொண்டுவந்தது 382 கிலோ. அதில் ஒரு பங்கு மும்பைக்கும் வந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் தேவேந்திர லால் குழுவினர், காஸ்மிக் கதிர்கள் அந்தக் கல்லுக்குள் விட்டுச்சென்ற தடங்களை ஆராய்ந்தார்கள். காற்றும் காந்தப்புலமும் போர்த்திய பூமியில் கிடந்த கல்லில் அப்படித் தடம் விழாது. ஸ்டுடியோவிலும் செய்ய முடியாது.

கண்ணால் பார்த்தால்தான் ஆச்சு என்பவர்களுக்கும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் எல்ஆர்ஓ கலம் 2009 முதல் இறங்கிய இடங்களைப் படம் எடுத்து வருகிறது. "அமெரிக்காக்காரன் படத்தை அமெரிக்காக்காரனே எடுத்தால் எப்படி?" என்றால், 2021-ல் இந்தியாவின் சந்திரயான் 2 எடுத்த படத்திலும் ஈகிளின் அடிப்பாகம் இருக்கிறது. 3,84,400 கிலோமீட்டரை 100 கிலோமீட்டராக்கினால் சின்ன கேமராவே போதும்.

காவலூர்க்காரர்களுக்கு நிலா மேல் பெரிய பாசம் கிடையாது என்பது தனி விஷயம். மங்கலான பொருட்களைத் தேடும் இரவுகளில் அது பெரிய தொந்தரவு, அமாவாசைதான் அவர்களுக்குத் திருவிழா. ஆனால் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வளர்பிறை நல்லது. ஆறேழு நாள் நிலா மேற்கே சாயும் நேரத்தில் அங்கே ஒரு சின்னத் தொலைநோக்கி கிடைத்தால் போதும், வெளிச்சப் பகுதியில் சாம்பல் நிறத்தில் அமைதிக் கடல் தெரியும். கொடி தெரியாது. அதன் தென்மேற்கு ஓரத்தில்தான் ஈகிளின் நான்கு கால்களும் இன்னும் நிற்கின்றன.