54 வயசுல ஒரு ஓட்டம்

1990 பிரீடர்ஸ் கப் மைல் ரேஸ் வீடியோவை ராத்திரி மறுபடி போட்டுப் பார்த்தேன்.
நியூயார்க், பெல்மாண்ட் பார்க்.
ராயல் அகாடமிங்கிற குதிரை மேல ஜாக்கி லெஸ்டர் பிகாட்.
வயசு 54. ஓய்வை முடிச்சுக்கிட்டு ரேஸுக்குத் திரும்பி ரெண்டு வாரம்கூட ஆகல.

பின்னாடிதான் வர்றார். கடைசியில வெளிப்பக்கமா பாய்ஞ்சு, கழுத்தளவு வித்தியாசத்துல ஜெயிக்கிறார்.
எத்தனை தடவை பார்த்தாலும் புல்லரிக்குது.

இங்கிலாந்தோட எப்சம் டெர்பி ரேஸை முதல்ல ஜெயிச்சப்போ அவருக்கு 18 வயசு. மொத்தம் 9 டெர்பி. வேற எந்த ஜாக்கியும் அதைத் தொடல.
1987-ல வரி ஏய்ப்புக்காக ஜெயில். பிரிட்டனோட ஓபிஇ விருதும் போச்சு. அந்தத் தப்பை நான் பூசி மெழுக மாட்டேன்.

ஆனா என்னை உலுக்குறது அவரோட பசி.
5 அடி 8 அங்குலம். ஜாக்கிக்கு அது ரொம்ப உயரம்.
உடம்பு கேக்குற எடை வேற, தராசு கேக்குற எடை வேற.
வருஷக்கணக்கா வயித்தைக் காயப்போட்டுத்தான் குதிரை ஏறினார்.
சின்ன வயசுலேர்ந்து காதும் சரியா கேக்காது.

ரெண்டு நிமிஷ ஓட்டத்துக்காக ஒரு மனுஷன் பாதி ஆயுசு பட்டினி கிடக்கணுமா?
ஜாக்கிகளுக்கான எடை விதியை இன்னும் கொஞ்சம் தளர்த்தினா என்ன?