தளவாட்டம்

வாட்டம் என்பது கொத்தர் வழக்கில் நீரோடும் சாய்வு. உலக வழக்கில் மனச்சோர்வு. இரண்டும் எம் இல்லத்தில் ஒருங்கே வாய்த்தன. மோட்டார்க் கொட்டகையின் காங்கிரீட்டுத் தளம் வீட்டுச் சுவரை நோக்கிச் சாய்ந்திருந்தமையால், மாரிதோறும் அச்சுவர் ஊறிற்று. அதன் உட்புறத்தே எம் பாட்டியார் இருமிக்கொண்டு கிடந்தார்.

மேற்கொண்டு காங்கிரீட்டுக் கொட்டிச் சாய்வை மாற்றிவிடலாமென எந்தையார் கருதினார். முதிய கொத்தனாரோ, "ஐயா, தண்ணீரைத் தள்ளப்போய்த் தளத்தை முறிக்கலாமா?" என்றார். அவர் சொற்படி பழைய தட்டோட்டையும் சுண்ணாம்புச் சல்லியையும் பெயர்த்தெடுக்க, அடித்தளம் மட்டமாய்க் காணப்பட்டது. பின்னர்ப் பாரம் குறைந்த வழியை யாம் கணித்தோம். 60 அடிக்கு 1 அடி வாட்டமாயின், 18 அடி நீளவாக்கில் மேலோரம் 3½ அங்குலத்திற்குமேல் உயரவேண்டும். 10 அடி அகலவாக்கிற்கோ 2 அங்குலமே அமையும். ஆதலின் வீட்டினின்றும் விலகிச்செல்லும் அகலவாக்கையே தேர்ந்தோம்.

ஆயினும், அப்புறத்தே அயலாரின் மண்சுவர் நின்றது. எனவே தளத்தின் ஓரத்தில் சிறு வரம்பு கட்டி, குழாய்வழியே நீரை எம் முற்றத்து மழைநீர்க் குழியிற் சேர்த்தோம். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு மழைநீர்ச் சேமிப்புக் கட்டாயமாக்கப்பட்டபோது தோண்டிய குழி அது.

அடுத்த மாரியில் சுவர் உலர்ந்திருந்தது. பாட்டியாரின் இருமலும் தணிந்தது. தம் இடரை நீக்குவோர் அதனை அயலார்பால் ஏவாதிருத்தல் வேண்டும்; அதுவே வாட்டம் தீர்க்கும் முறையாம்.