வல்லூறைத் தேடி அரிட்டாபட்டிக்கு

பள்ளிக்கூட மணி அடிக்கிறது. ஒரே மாதிரிச் சீருடையில் நூறு குழந்தைகள் ஓடி வருகிறார்கள். அந்தக் கும்பலில் உங்கள் குழந்தை எது என்று, முகம் தெரிவதற்கு முன்பே கண்டுபிடித்து விடுகிறீர்கள் அல்லவா? நடையோ, தலையைச் சாய்க்கும் விதமோ காட்டிக் கொடுத்து விடுகிறது. அந்தக் கண் உங்களுக்கு இருந்தால் போதும்; தாராளமாக என்னோடு அரிட்டாபட்டிக்குப் புறப்படலாம்.

மதுரைக்கு வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டரில், மேலூர் தாலுகாவில் இருக்கிறது இந்த ஊர். வயல்களுக்கும் கண்மாய்களுக்கும் நடுவே மொட்டைப் பாறைக் குன்றுகள். சமண முனிவர்களின் கற்படுக்கையும், தமிழிக் கல்வெட்டும், குடைவரைச் சிவன் கோயிலும் அங்கே உண்டு. ஆனால் நான் போனது லகர் வல்லூறு என்ற அபூர்வப் பறவையைப் பார்க்க. உலகத்திலேயே அருகி வரும் இனம் அது.

பிப்ரவரி மாதத்து விடியற்காலை. பறவை பார்ப்பதில் பழுத்த நண்பர் ஒருவர் துணைக்கு வந்தார். பாறைக்கு எதிரே பனையடியில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் கழிந்தது. கொண்டு போன இட்லியும் தீர்ந்தது. திடீரென்று அம்பு போல ஒரு பறவை பாறையைச் சுற்றி வந்தது.

"லகர்! லகர்!" என்று நான் துள்ளி எழுந்தேன்.

நண்பர் பைனாகுலரை இறக்காமலே, "தலை கறுப்புக் குல்லாய் போட்ட மாதிரி இருக்கிறது. வயிறு செம்மை. இது ஷாஹீன் வல்லூறு" என்றார்.

"எல்லாம் வல்லூறுதானே! லகர் என்றே குறித்துக் கொள்ளுங்களேன். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?"

நண்பர் என் பக்கம் திரும்பினார். "2022 நவம்பரில் இங்கே சுமார் 193 ஹெக்டேரைத் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்திலேயே முதலாவது. லகர், ஷாஹீன், ராஜாளிக் கழுகு மூன்றும் பெயர் சொல்லி அறிவிப்பில் இடம் பெற்றன. 2024 நவம்பரில் இந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஏலம் முடிந்தது. ஊர் ஜனங்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்துச் செய்தது. போராடியவர்கள் ஜனங்கள்தான். ஆனால் 'இந்த மலையில் என்ன இருக்கிறது?' என்று கேட்டபோது எடுத்துக் காட்ட ஒரு பட்டியலும் இருந்தது. அதில் ஒரு பெயர் பொய்யானால், மற்றதை யார் நம்புவார்கள்?"

எனக்குச் சுருக்கென்றது. வாயை மூடிக் கொண்டேன்.

வெயில் ஏறிற்று. ஆடு மேய்க்கும் பாட்டி ஒருத்தி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "என்னத்தப்பா தேடுறீக? புறா அடிக்கிற பருந்தையா? அது சோடியால்ல வரும்! ஒண்ணு வெரட்டும், ஒண்ணு அடிக்கும்."

நண்பர் முகம் மலர்ந்தது. லகர் வல்லூறு ஜோடியாக வேட்டையாடுவதில் கெட்டிக்காரப் பறவையாம்.

பாட்டி சொன்னது பலித்தது. புறாக் கூட்டம் சடசடவென்று கலைய, பின்னால் இரண்டு பறவைகள்! ஒன்று பாறை விளிம்பில் வந்து அமர்ந்தது. இந்த முறை நான் அவசரப்படவில்லை. உச்சந்தலை செம்பழுப்பு. கண்ணுக்குக் கீழே மெல்லிய மீசைக் கோடு. மார்பு வெளுப்பு. தொடையிலே கால்சராய் மாட்டியது போலக் கருத்த இறகு.

"சொல்லுங்கள்" என்றார் நண்பர்.

"லகர்" என்றேன், மெதுவாக.

அவர் நோட்டில் எழுதிக் கொண்டார்.

நீங்களும் குழந்தைகளோடு ஒரு முறை போய் வாருங்கள். ஆனால் ஒரு வேண்டுகோள்: கோடை வரை அவை குஞ்சு பொரிக்கும் காலம்; பாறையை நெருங்காமல், சத்தமில்லாமல் தூர இருந்தே பாருங்கள். என்ன பறவை என்று நிச்சயமாகத் தெரியவில்லையா? "தெரியவில்லை" என்றே எழுதி வைத்துவிட்டு வாருங்கள். அதில் அவமானம் ஏதும் இல்லை. மறுபடி போவதற்கு அது ஒரு சாக்கு!