ஃபார்மட் பண்ணவான்னு கேட்டா, கொஞ்சம் பொறுங்க

புது லேப்டாப் வாங்கின அன்னைக்கு நீங்க முதல்ல என்ன பண்ணீங்க? வால்பேப்பர் மாத்தியிருப்பீங்க. நானும் அதைத்தான் பண்ணேன். அடுத்த ரெண்டு நாள்ல பண்ண இருந்த ஒரு வேலையை நினைச்சா இப்பவும் பக்குனு இருக்கு. உங்களுக்கும் அது நடக்கக் கூடாதுன்னுதான் இதை எழுதறேன்.

எங்க ஊர் கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போற ரோட்டுல இருக்கு. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்காக, மணிலா வித்த காசுல அப்பா லேப்டாப் வாங்கித் தந்தார். 15.6 இன்ச், 512 ஜிபி. திறந்து பார்த்தா 476 ஜிபிதான் காட்டுது. "கடைக்காரன் ஏமாத்திட்டானாடா?"ன்னார் அப்பா. ஏமாத்தல. தயாரிக்கறவங்க ஒரு ஜிபிங்கிறதை நூறு கோடி பைட்னு கணக்கு வைக்கறாங்க. விண்டோஸ் 1024-ஐ மூணு தடவை பெருக்கி, சுமார் 107 கோடி பைட்னு வைக்குது. நெல்லு அதேதான், அளக்கற படிதான் வேற.

அடுத்தது டிஸ்ப்ளே. நிறைய விஷயம் ஒரே நேரத்துல தெரியட்டும்னு 125% இருந்த ஸ்கேலை 100% ஆக்கினேன். அம்மா எட்டிப் பார்த்துட்டு, "என்னடா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு"ன்னாங்க. சரின்னு ரெசல்யூஷனை 1920×1080-லிருந்து 1366×768-க்கு இறக்கினேன். எழுத்து பெருசாச்சு, ஆனா மழையில நனைஞ்ச பேப்பர் மாதிரி மங்கிப் போச்சு. ஸ்கிரீனே கோளாறுன்னு முடிவு பண்ணி, மறுநாள் காலையில பஸ் ஏறி கடைக்குப் போகக் கிளம்பிட்டேன். கிளம்பறதுக்கு முன்னாடி உட்கார்ந்து யோசிச்சப்பதான் புரிஞ்சுது. ஸ்கிரீன்ல குறுக்கே இருக்கிற புள்ளிகள் 1920. அதை மாத்தவே முடியாது. 1366 புள்ளிப் படத்தை அதுல பரப்பணும்னா ஒரு புள்ளி 1.4 புள்ளி இடத்துல உட்காரணும். அரைப் புள்ளின்னு ஒண்ணு கிடையாது, அதனால பக்கத்துப் புள்ளியோட நிறத்தைக் கலந்து ஒப்பேத்துது. அதான் மங்கல். ரெசல்யூஷனை 'ரெகமண்டட்'லயே விட்டுட்டு ஸ்கேலை மட்டும் ஏத்தினா போதும். பஸ் காசு மிச்சம்.

இப்ப முக்கியமான கதைக்கு வரேன். எங்க அக்கா 2013-14-ல அரசுப் பள்ளியில பிளஸ் டூ படிச்சப்ப இலவச லேப்டாப் கொடுத்தாங்க. 2011 செப்டம்பர் 15 அன்னைக்குத் தொடங்கின திட்டம் அது. அதுல விண்டோஸும் இருக்கும், பாஸ் லினக்ஸும் இருக்கும். பாஸ்ங்கிறது மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் டெபியனை வெச்சு உருவாக்கினது. பென்டிரைவ் வைரஸுக்குப் பயந்து அக்கா தன்னோட ஃபைலை எல்லாம் பாஸ் பக்கம் தள்ளி வெச்சிருந்தா. போன வருஷம் பரண்லேர்ந்து அந்த லேப்டாப்பை இறக்கறப்ப நான் கீழ போட்டேன். ஸ்கிரீன் போச்சு. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழட்டி வெச்சிருந்தேன்.

அதை ஒரு யூஎஸ்பி கேஸ்ல போட்டுப் புது லேப்டாப்ல சொருகினேன். உடனே விண்டோஸ், இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தணும்னா ஃபார்மட் பண்ணணும், பண்ணவான்னு கேட்டுச்சு. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல பார்த்தா ஃபைல் சிஸ்டம் 'ரா'. அவ்வளவுதான், டிஸ்க் செத்துடுச்சு, ப்ராஜெக்ட் பேக்கப்புக்காவது ஆகட்டும்னு 'ஃபார்மட்' பட்டனை அமுக்கிட்டேன். அடுத்த பெட்டியில 'ஸ்டார்ட்' ஒண்ணுதான் பாக்கி. எதுக்கும் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு ஓசூருக்கு போன் போட்டேன்.

"தம்பி, கையை எடு. தாத்தா சொன்னது எல்லாம் அதுலதான்டா இருக்கு!"

தாத்தா 2016-ல தவறிட்டார். அவர் சொல்லச் சொல்ல அக்கா டைப் பண்ணி வெச்சிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

விண்டோஸ் பொய் சொல்லல. அதுக்குத் தெரிஞ்சது என்டிஎஃப்எஸ், ஃபேட்32, எக்ஸ்ஃபேட் மாதிரி சிலது. லினக்ஸோட எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 வகையை அது தானா படிக்காது. 'எனக்குப் படிக்கத் தெரியல'ங்கிறதைத்தான் 'ஃபார்மட் பண்ணவா'ன்னு கேட்குது. நான்தான் அதை 'உள்ளே ஒண்ணும் இல்லை'ன்னு புரிஞ்சுக்கிட்டேன்.

ஒரு பென்டிரைவ்ல உபுண்டு ஏத்தி, இன்ஸ்டால் பண்ணாம 'ட்ரை' ஆப்ஷன்ல பூட் பண்ணேன். டிஸ்க் சாதாரணமா திறந்துச்சு, போட்டோ எல்லாம் இருந்துச்சு. காப்பி மட்டும்தான் பண்ணேன், அந்த டிஸ்க்ல எதையும் எழுதல. அக்கா நிச்சயதார்த்த வீடியோ மட்டும் பென்டிரைவ்ல ஏற மறுத்துச்சு. இடம் இருந்தும் 'ஃபைல் பெருசு'ன்னுச்சு. ஃபேட்32-ல ஒரே ஃபைல் 4 ஜிபிக்கு மேல போக முடியாது. இன்னொரு காலி பென்டிரைவை எக்ஸ்ஃபேட்ல ஃபார்மட் பண்ணதும் ஏறிடுச்சு. எக்ஸ்ஃபேட்டை விண்டோஸும் படிக்கும், இப்போதைய லினக்ஸும் படிக்கும்.

தாத்தா ஃபைலைத் திறந்தா அடுத்த அதிர்ச்சி. பதினோரு பக்கமும் இங்கிலீஷ் எழுத்தும் புரியாத குறியீடுமா இருந்துச்சு. கெட்டுப் போச்சுன்னுதான் நினைச்சேன். அக்கா சிரிச்சா. கம்ப்யூட்டர் சென்டர்ல அவ கத்துக்கிட்டது வானவில் ஃபான்ட். அந்தக் காலத்து ஃபான்ட் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தோட இடத்துல தமிழ் எழுத்தை வரைஞ்சு காட்டும். ஃபான்ட் இல்லாத மெஷின்ல உள்ளே இருக்கிற எழுத்து அப்படியே தெரியும். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டதே 2010-லதான். கன்வர்ட்டர்ல போட்டு யூனிகோடுக்கு மாத்தினதும் தாத்தா பேச ஆரம்பிச்சார். எந்தக் கிணத்துல எங்களுக்கு எத்தனை பாகம், எந்த வருஷம் எந்த நிலத்தை ஏன் வித்தோம், தீபத்துக்கு அண்ணாமலைக்கு நடந்தே போன கதை, எல்லாம் அதுல இருக்கு.

நான் இங்கிலீஷ் மீடியம். எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள அம்மா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. ஸ்கேலை 150% வெச்சுக் கொடுத்தேன். மாமனார் பேச்சு வரிக்கு வரி அப்படியே இருக்குன்னு சொல்லிட்டு, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் படிச்சாங்க.

உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு பழைய லேப்டாப் இருக்கலாம். ஃபார்மட் பண்ணவான்னு கேட்டா 'கேன்சல்' அமுக்குங்க. அதை யார் பயன்படுத்தினாங்களோ அவங்களைக் கேளுங்க. லினக்ஸ்ல ஒரு தடவை திறந்து பாருங்க (உங்க விண்டோஸ்ல பிட்லாக்கர் ஆன்ல இருந்தா, பூட் செட்டிங்கைத் தொடறதுக்கு முன்னாடி ரெக்கவரி கீயை எழுதி வெச்சுக்கோங்க). தெரியாம அமுக்கிட்டா அந்த டிஸ்க்ல புதுசா எதையும் ஏத்தாதீங்க. பழைய ஹார்ட் டிஸ்க்ல குவிக் ஃபார்மட் ஃபைல் பட்டியலைத்தான் புதுசாக்கும், டெஸ்ட்டிஸ்க் மாதிரி டூல் வெச்சு மீட்க வாய்ப்பு இருக்கு. எஸ்எஸ்டின்னா அந்த வாய்ப்பு ரொம்பக் குறைவு.

நான் தப்பிச்சது திறமையால இல்லைங்க. ஒரு போன் காலால.