வேலையில் இருக்கும் முகம்

குரூப் போட்டோவுக்கு நாம் எல்லோரும் ஒரே மாதிரிதான் நிற்கிறோம். சட்டையை அயர்ன் பண்ணி, தலையைப் படிய வாரி, காமிராவைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு! நம் நண்பனின் உண்மையான முகம் அதுதானா?

இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பியது ஓர் ஓவியம். 1867-ல் பாரீஸில் ரெனுவார் தன் நண்பர் பாசீலை வரைந்தது. இருவருமே ஓவியர்கள். இருவரும் 1841-ல் பிறந்தவர்கள். ரெனுவார் தையல்காரர் மகன். சிறு வயதிலேயே பீங்கான் பாத்திரங்களில் பூ வரையும் வேலைக்குப் போனவர். பாசீல் வசதியான வீட்டுப் பிள்ளை. டாக்டருக்குப் படிக்க பாரீஸ் வந்து ஓவியத்தில் விழுந்தவர். கையில் காசில்லாத ரெனுவாருக்குத் தன் அறையிலேயே இடம் கொடுத்தார்.

இடம் கொடுத்தவரை ரெனுவார் எப்படி வரைந்தார் தெரியுமா? ராஜா மாதிரி உட்கார வைத்து அல்ல. நாற்காலியில் முதுகை வளைத்து, தூரிகையும் கையுமாக... பாசீல் நம்மைப் பார்க்கவே இல்லை! கண்ணெல்லாம் தான் வரைகிற படத்தின் மேல். அதில் ஒரு செத்த நாரை. அதே நாரையை சிஸ்லே என்ற நண்பரும் வரைந்திருக்கிறார். பின்சுவரில் தொங்குவது இன்னொரு நண்பர் மோனேயின் பனிக்காட்சி. நம்ம ஹாஸ்டல் ரூம் மாதிரியேதான், போங்கள்!

மூன்றே வருடம். 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. படையில் சேர்ந்த பாசீல் நவம்பர் 28 அன்று களத்தில் விழுந்தார். 29-வது பிறந்த நாளுக்கு எட்டு நாள்தான் பாக்கி.

1876-ல் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் நடத்திய இரண்டாவது கண்காட்சியில் அந்தப் படம் இருந்தது. பாசீலின் அப்பா அதைப் பார்த்தார். போய்ச் சேர்ந்த மகன் இதோ உட்கார்ந்து வேலை செய்கிறான்! படம் அப்போது மானே என்ற ஓவியருக்குச் சொந்தம். மகன் முன்பு மோனேயிடம் வாங்கியிருந்த ஒரு பெரிய படத்தைக் கொடுத்து, அந்த அப்பா இதை வாங்கிக்கொண்டார். இன்று அது பாரீஸின் ஓர்சே அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

எங்க அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனால், "இங்க எதுக்குடா வந்தே? சட்டை அழுக்காயிடும், போய்ப் படி" என்பார். வீட்டில் அவர் படம் என்று இருப்பதெல்லாம் கல்யாண வீடுகளில் எடுத்தவை. கழுத்து வரை பட்டன், மிரண்ட கண்கள். கையில் கரணையோடு, தூக்குக்குண்டு நூலை ஒற்றைக் கண்ணால் பார்க்கிற முகம் எந்தப் படத்திலும் இல்லை. எனக்கு ஃபீஸ் கட்டுவது அந்த முகம்தான்.

நண்பர்களே, லேத்தில் நிற்கும் உங்கள் ரூம்மேட்டை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். மெஷின் டிராயிங்கில் ஓடிய என் பென்சில் இந்த லீவில் அப்பாவை வரையப் போகிறது. "வேலை உடுப்புலயாடா?" என்று கூச்சப்படுவார். படட்டும். அவர் என்னைப் பார்க்க வேண்டாம். நூலைப் பார்த்தால் போதும்.

— இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்