வழியில் அமர்ந்த விருந்தினர்

யானையின் பெயர் தாங்கிய அத்தியாயத்தை நெடுங்காலமாக மதரஸாப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். கி.பி. 14ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த தமீரீ, உயிரினங்களை அகர வரிசையில் தொகுத்தெழுதிய ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் பெருநூலைப் புரட்டியிருக்கிறோம். களிறு, பிடி, வேழம் எனத் தமிழ் யானையை அழைக்கும் அழகையும் பாடமாக நடத்தியிருக்கிறோம். ஆயினும், தெருவில் பாகனோடு வரும் யானையைக் கண்டதுண்டேயன்றி, தன் காட்டில் தன் விருப்பப்படி நடக்கும் யானையை ஐம்பது வயதை எட்டும்வரை நாம் கண்டதில்லை.

2017ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், கோவையில் பணிபுரியும் நம் மகன் அக்குறையைத் தீர்க்க முன்வந்தான். உதகையிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி மசினகுடியை அடைந்தோம். மலையின் குளிர் மறைந்து, முள்மரங்களும் வெயிலுமாகச் சீகூர்ப் பீடபூமி விரிந்தது. ஊரைக் கடந்து தொலைவில், காட்டை ஒட்டியிருந்த ஒரு விடுதியில் மூன்று நாள் தங்கினோம்.

விடுதியார் நமக்குத் துணையாக அனுப்பியவர் அம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்த இருளர் குடிப் பெரியவர். தெப்பக்காட்டில் வனத்துறை வாகனத்தில் ஏறி முதுமலைக் காட்டைக் காணச் சென்றோம். 1940இல் சரணாலயமாகி, 2007இல் புலிகள் காப்பகமான காடு அது. “கொஞ்சம் பேச்சைக் குறையுங்க, பாய்” என்றார் பெரியவர். பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று அதட்டியே காலம் கழித்த நாம் வாய்மூடி மாணவரானோம். மரத்தின்மேல் மந்திகள் தழையை உதிர்க்க, கீழே புள்ளிமான்கள் அதை மேய்ந்தன. உயரத்திலிருந்து புலியைக் கண்டால் மந்தி குரல் கொடுக்கும் என்றும், அக்குரலை மான்கள் அறியும் என்றும் அவர் தணிந்த குரலில் விளக்கினார். அன்று யானை கண்ணில் படவில்லை.

மறுநாள் ஸுப்ஹுத் தொழுகையை முடித்து விடுதி முற்றத்தில் நின்றோம். மின்வேலிக்கு அப்பால் இரண்டு பிடிகளும் ஒரு கன்றும் வந்தன. முன்னால் வந்த முதிய பிடி வேலியருகே நின்று, ஒரு காலைத் தூக்கிப் பின் மெல்லக் கீழே வைத்தது. வேலியோரமாகவே நடந்து சென்று திரும்பி வந்து மறுபடியும் அதே இடத்தில் நின்றது. மகன் படம் எடுத்தான். “கொடுத்த பணம் வீண்போகவில்லை” என்று நம் துணைவியார் மகிழ்ந்தார். நாமும் மகிழ்ந்தோம்.

பெரியவர் மட்டும் மகிழவில்லை. “அதுக நம்மளப் பார்க்க வரல, பாய். இது அதுகளோட வழி. நாமதான் குறுக்கே உட்கார்ந்திருக்கோம்” என்றார். சற்றுப் பொறுத்து, “இந்த வேலையிலதான் என் வீட்டு அடுப்பு எரியுது. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க” என்றார். அவருடைய பெயரையும் விடுதியின் பெயரையும் நாம் இங்கு எழுதாததற்குக் காரணம் அதுவே.

வளர்ந்த யானை ஒரு நாளில் ஏறக்குறைய 150 கிலோ தீவனம் உண்ணும். ஓரிடத்திலேயே நின்றால் எந்தக் காடும் அதற்குப் போதாது. எனவே நீரும் புல்லும் இருக்கும் திசையறிந்த முதிய பிடியின் பின்னே கூட்டம் காடுவிட்டுக் காடு செல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளையும் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளையும் இணைப்பது அந்தச் சீகூர்ப் பகுதியே. அங்கே வழி அடைபட்டால் யானை வயலுக்குள் திரும்புகிறது. மனிதரும் மாய்கின்றனர், யானைகளும் மாய்கின்றன.

ஸுலைமான் நபியின் படை வருவதைக் கண்ட எறும்பு, அவர்கள் அறியாமலே நம்மை மிதித்துவிடக்கூடும் என்று தன் கூட்டத்தை எச்சரித்த வரலாற்றை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். ‘அறியாமலே’ என்ற அச்சொல் நம்மையும் குறிக்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

2010இல் தமிழக அரசு அப்பகுதியை யானை வழித்தடமாக அறிவித்திருந்தது. 2018இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி அங்கே பல விடுதிகள் மூடி முத்திரையிடப்பட்டன. 2020 அக்டோபரில் அந்நீதிமன்றம் வழித்தட அறிவிப்பு செல்லும் எனத் தீர்ப்பளித்தது. செய்தியைப் படித்து நெஞ்சம் நிம்மதியடைந்தது. ஆனால் அந்தப் பெரியவரின் அடுப்பு நினைவுக்கு வந்ததும் அந்நிம்மதி முழுமை பெறவில்லை. காட்டைக் காப்போர், காட்டோடு வாழ்ந்தவரின் பிழைப்பையும் காத்தல் வேண்டும் அன்றோ?

காடு காணச் செல்லாதீர் என்று நாம் சொல்லவில்லை. குடும்பத்தோடு செல்லுங்கள், படைப்பின் விந்தையைப் பிள்ளைகள் காணட்டும். ஆனால் பணம் கட்டுமுன் அவ்விடுதி எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். விலங்குக்குத் தீனி போட்டு வரவழைக்கிறார்களா, இரவில் வண்டியோட்டிக் காட்டுகிறார்களா என்று விசாரியுங்கள். ஆம் எனில் விலகிவிடுங்கள். வனத்துறையின் ஓய்வில்லங்களும் வாகனங்களும் இருக்கின்றன. அந்நிலத்து மக்களையே வழிகாட்டியாகக் கொண்டு, அவர்க்குரிய கூலியைக் குறைக்காது கொடுங்கள்.

கஅபாவை நோக்கிச் செலுத்தப்பட்ட யானை முன்னேற மறுத்து நின்றதாக விரிவுரையாளர் கூறுவர். இப்போதெல்லாம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லும்போது, முன்னேற விரும்பியும் வழியின்றித் தூக்கிய காலைக் கீழே வைத்த அந்தப் பிடியும் நம் கண்முன் வந்து நிற்கிறது.