அரிசி போகும் ஊடுவழி

திங்கள், பாறசாலை

களியக்காவிளைச் சோதனைச் சாவடியைத் தாண்டி வரும் நெடுஞ்சாலையை மட்டும் பார்த்துவிட்டு எல்லையைப் பார்த்ததாக நினைப்பவர் எல்லையைப் பார்த்தவரே அல்லர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோட்டைத் தமிழகத்தோடு சேர்த்து, நெய்யாற்றின்கரையைக் கேரளத்திலேயே நிறுத்தியவர்கள், ரப்பர்த் தோட்டங்களுக்கும் மரச்சீனி விளைகளுக்கும் நடுவே ஓடும் ஊடுவழிகளை என்ன செய்வது என்று யோசித்ததாகத் தெரியவில்லை. பனச்சமூடு, இஞ்சிவிளை, ஊரம்பு என எங்கு போனாலும், உறவும் சந்தையும் இரு பக்கமும் கிடக்கின்றன. தமிழ்நாட்டில் 2011 முதல் இலவசமாக அளக்கப்படும் ரேஷன் அரிசி இவ்வழிகளில்தான் மேற்கே போய், ஆலையில் தீட்டப்பட்டு, புதுச் சாக்கும் புதுப் பெயரும் பெற்று, கடைக்கு வருகிறது.

புதன், நெய்யாற்றின்கரை

இன்று முழுவதும் வழக்குக் காகிதங்கள். 1955-ஆம் வருஷத்து அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் எழுதப்படும் இவற்றில் வாகன எண், எடை, டிரைவர் ஆகிய மூன்றும் தவறாமல் இருக்கும். அரிசிக்குப் பணம் போட்டவன் மட்டும் அபூர்வமாகவே தென்படுவான். போலீஸ் ஆவணங்களைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டு 1969-இல் டொனால்ட் கிரெஸ்ஸி எழுதியபோது அமெரிக்க மாபியா படிநிலைகள் கொண்ட மகா ஸ்தாபனமாகத் தோன்றியது; 1983-இல் பீட்டர் ராய்ட்டர், நியூயார்க் சூதாட்டத்தையும் கந்துவட்டியையும் வியாபாரமாகவே பாவித்து ஆராய்ந்து, அங்கே பெரும்பாலும் சிதறிக்கிடந்த சில்லறை வியாபாரிகளையே கண்டார். எனக்கு ராய்ட்டரின் பக்கமே சாய்வு.

வெள்ளி, ஊரம்பு அருகே

‘இதை யார் நடத்துகிறார்?’ என்று கேட்டால் ஊரே ஊமையாகிவிடுகிறது. கூலியையும் விலையையும் கேட்டால் திண்ணையில் இடம் கிடைக்கிறது. வீடு வீடாக அரிசி எடுக்கும் ஒரு முதியவள், முறத்தில் அரிசியைப் பரப்பிக் கருப்பரிசி பொறுக்கியபடியே, “கோழிக்குப் போடுகதுக்குப் பதிலா வித்தா மீனாவது வாங்கலாம் மக்களே” என்றாள். குற்ற உணர்ச்சியின் சாயல் அந்தக் குரலில் இல்லை. இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க நான் யார்? பிடிபட்டால் நஷ்டம் யாருக்கு என்று கேட்டேன். கைமாறும் வரை தனக்கு, ஏற்றிய பிறகு வண்டிக்காரனுக்கு, ஆலை வாசலில் இறக்கிய பிறகு தனக்குத் தெரியாது என்றாள். தலைவன் யார் என்ற கேள்வி திறக்காத கதவை நஷ்டம் யாருக்கு என்ற கேள்வி திறந்துவிட்டது: ஒவ்வொருவரும் அடுத்தவரை மட்டுமே அறிவார், அவரவர் நஷ்டம் அவரவரோடு நிற்கும்.

இரவு

அவள் பெயரையோ வீட்டடையாளத்தையோ இக்குறிப்பில் எழுதவில்லை; ஊரம்பு என்பதும் தோராயந்தான். 1943-இல் பாஸ்டன் தெருமுனை இளைஞர்களைப் பற்றி எழுதிய வில்லியம் ஃபுட் ஒயிட் பெயர்களை மாற்றியும், அத்தெருக்காரர் தங்களை அடையாளம் கண்டுகொண்டனர். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆராய்ச்சிக்காரனின் நோட்டுப் புத்தகத்துக்கு அத்தகைய சலுகை இல்லை.

அடுத்தது ஆலைப் பக்கம். அங்கே சட்டப்படியான நெல்லும் அரைபடுவதால், கூலி விசாரணை அவ்வளவு சுலபமாகப் பலிக்காது; தவிடும் குருணையும் வாங்க வருபவர்களிடமிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன்.